ஃபைன் என்று மட்டும் எழுதாதே

அன்புள்ள கண்ணம்மா,

நேற்றும் 'ஃபைன்' என்றுதான் பதில் போட்டிருக்கிறாய். சாப்பாடு, தூக்கம், வேலை, எதைக் கேட்டாலும் அதே ஒரு சொல். அந்த விஷயத்தைப் பற்றி நான் எதுவும் கேட்கப் போவதில்லை. அக்காவிடமும் கேட்கவில்லை. இந்தச் சொல்லைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஒப்பந்தத்தின் ஃபைன் பிரிண்டில், அந்தப் பொடி எழுத்தில், ஒளிந்திருக்கும் நிபந்தனையைச் சட்டென்று பிடித்துவிடுகிற பெண் நீ. அதில் எனக்கு எவ்வளவு பெருமை! அதே கண்ணால் இதையும் பார்.

லத்தீனில் 'ஃபீனிஸ்' என்றால் முடிவு, எல்லை. ஒரு வேலையைக் கடைசிவரை கொண்டுபோய் மெருகேற்றினால் அது ஃபைன். உயர்வு, நேர்த்தி, நுண்மை எல்லாம் அதிலிருந்து வந்தவை. பணம் கட்டி விவகாரத்தை முடிப்பதும் ஃபைன். அபராதம் அப்படிப் பிறந்ததுதான். இங்கிலாந்தில் அந்தக் காலத்தில் நிலத் தகராறைத் தீர்த்த பத்திரத்துக்கும் இதே பெயர். ஒரே தோலில் பிரதிகளை எழுதி, நெளிநெளியாக வெட்டி, இரு தரப்புக்கும் ஆளுக்கொன்று கொடுப்பார்கள். 1195 முதல் மூன்றாவது பிரதியான அடிப்பகுதியைக் கோர்ட்டே வைத்துக்கொண்டது. பின்னால் எவனாவது மாற்றிச் சொன்னால், வெட்டு விளிம்புகளைப் பொருத்திப் பார்த்தால் போதும். 1833-இல்தான் சட்டம் போட்டு அந்த முறையை ஒழித்தார்கள்.

கிரிக்கெட்டில் ஃபைன் லெக் என்றால் ஸ்டம்புக்கு நேர்பின்கோட்டை ஒட்டிய இடம். 'இன்னும் ஃபைனாகப் போ' என்றால் அந்தக் கோட்டை இன்னும் நெருங்கு என்று பொருள். காற்று மாசில் ஃபைன் துகள் 2.5 மைக்ரோமீட்டர், அதற்கும் கீழே. நுரையீரலின் அடிவரை போய்விடும்.

பேச்சில்தான் இது ஆளை ஏமாற்றும். 'காபி வேண்டுமா?' என்றால் 'ஐ ஆம் ஃபைன்' என்பது வேண்டாம் என்ற பதில். 'தட்ஸ் ஃபைன்' என்பது சம்மதம். வாக்குவாதத்தின் நடுவில் வெட்டென்று 'ஃபைன்' என்றால் அது சம்மதமே இல்லை, பேச்சை முறிப்பது. குரலில் தெரிகிற அந்த வித்தியாசம் எழுத்தில் தெரியாது. அதனால் அலுவலக மெயிலில் ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாதே. எது ஃபைன், எந்தத் தேதி, எந்தத் தொகை என்று சேர்த்து எழுது. 'வெரி ஃபைன்' என்றும் நலம் சொல்லாதே, 'வெரி வெல்' என்பதுதான் வழக்கம். 'டூயிங் ஃபைன்' சரி, 'டூயிங் ஃபைன்லி' தப்பு. வெங்காயத்தைப் பொடியாக நறுக்கத்தான் 'ஃபைன்லி'.

இன்னொன்று. நலம் கேட்டால் 'ஃபைன்' என்பார்கள். நலமில்லை என்றால் 'நாட் ஃபைன்' என்று சாதாரணமாகச் சொல்வதில்லை. 'நாட் வெல்', 'நாட் ஓகே' என்று வேறு சொல்லுக்குப் போக வேண்டும். அந்த வேறு சொல்லையும் நீ எனக்கு எழுதலாம், கண்ணம்மா. ஊருக்கெல்லாம் வரிவரியாக எழுதுகிறாய், எனக்கு மட்டும் ஏன் நாலு எழுத்து?

ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாதே. ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குகிறாய், தனியாகத்தான் சாப்பிடுகிறாயா, அந்த வேலையில்தான் இன்னும் இருக்கிறாயா, இந்த மூன்றை மட்டுமாவது எழுது. தமிழிலேயே எழுது.

அப்பா