வெள்ளித் தட்டும் சுவரில் ரத்தமும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் ஹீப்ரு இலக்கியக் கட்டுரை, இஸ்ரேலியர்களின் போர் எழுத்து முழுக்கத் தற்பெருமை என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. அதற்குக் காட்டிய சாட்சி, கவிஞர் நாதன் ஆல்டர்மனின் 'வெள்ளித் தட்டு'. 1947 டிசம்பரில் 'தவார்' நாளிதழில் வந்த கவிதை. அழுக்கு உடையோடு ஒரு பெண்ணும் பையனும் மெல்ல நடந்து வந்து, உங்களுக்கு நாட்டை வைத்துத் தந்த தட்டு நாங்கள்தான் என்று சொல்லிவிட்டு விழுவார்கள். போரில் இறந்தவர்களுக்கான நினைவு நாளில் அங்கே இன்றும் வாசிக்கிறார்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அதே ஆல்டர்மன் பதினோரு மாதம் கழித்து, இஸ்ரேல் உருவானபோது அரபுகளோடு மூண்ட 1948 போர் ஓயும் முன்பே, அதே நாளிதழில் இன்னொன்று எழுதினார். ஜீப்பில் வருகிறான் பால்பல் மாறாத ஒரு சிப்பாய். அவனைக் கண்டு ஒரு கிழவரும் கிழவியும் சுவரோடு ஒட்டிக்கொள்கிறார்கள். இயந்திரத் துப்பாக்கியைச் சோதித்துப் பார்க்கலாமே என்று சிரிக்கிறான். சோதிக்கிறான். கிழவர் முகத்தைக் கையால் பொத்திக்கொள்வது மட்டும்தான், அப்புறம் சுவரெல்லாம் ரத்தம். பிரதமர் பென்-குரியன் கோபப்படவில்லை. அதை அச்சடித்துச் சிப்பாய்களுக்குக் கொடுக்க அனுமதி கேட்டார்!

எழுத்தாளர் எஸ். யிஸ்ஹாரையும் கட்டுரையில் காணோம். 1948 போரில் உளவு அதிகாரியாக இருந்தவர், மறு ஆண்டே 'கிர்பெத் கிஸே' குறுநாவலை வெளியிட்டார். படையினர் ஓர் அரபுக் கிராமத்தைக் காலி செய்யும் கதை. ஏழு வயதுப் பையனின் கையைப் பிடித்தபடி, சிப்பாய்களைச் சட்டை செய்யாமல், கண்ணீரோடு நடந்து போகிறாள் ஒரு தாய். லாரிகளில் ஏற்றப்படும் இவர்களைப் பார்த்துத்தான் கதைசொல்லிக்கு 'கலூத்' என்ற சொல் உறைக்கிறது. நாடிழந்து அலைந்த தங்கள் வாழ்வுக்கென்றே யூதர்கள் காலங்காலமாக வைத்திருந்த சொல் அது. 1964-இல் இந்தக் கதை பள்ளிப் பாடத்திட்டத்திலேயே சேர்ந்தது. 1978-இல் தொலைக்காட்சிப் படமானபோதோ கல்வி அமைச்சர் ஒளிபரப்பைத் தடுத்தார். பெரிய ரகளைக்குப் பிறகே காட்டினார்கள்.

இவர்களைப் புனிதர்களாக்க நான் வரவில்லை. இந்த வகை எழுத்துக்கு இஸ்ரேலிலேயே 'சுடுகிறோம், அழுகிறோம்' என்று குத்தலான பெயர் உண்டு. சுட்டவன் அழுது ஆறிக்கொள்கிறான், லாரியில் போனவர்கள் போனவர்கள்தான். ஆல்டர்மனே 1967 போருக்குப் பிறகு, அதில் இஸ்ரேல் பிடித்த நிலத்தில் ஓர் அங்குலமும் விடக்கூடாது என்றவர்களோடு சேர்ந்து கையெழுத்துப் போட்டார். கட்டுரையாளர் சண்டைக்கு நிற்க வேண்டிய இடம் இது. அப்படி ஒன்று எழுதித் தந்தால் முதல் ஆளாகப் படிப்பேன்.

ஒரு வாசகர்,
கும்பகோணம்