ஆண்டறிக்கை 2021: எமது சனசமூக நிலையச் செயலாளர் அறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, நிர்வாக சபை உறுப்பினர்களே, ஊர்ப் பெரியோரே, தாய்மாரே, இளையோரே, அனைவருக்கும் வணக்கம்.

முதலில், கொரோனாவில் எங்களை விட்டுப் பிரிந்த உறுப்பினர்களுக்கு எமது அஞ்சலி. அவர்களில் பலருடைய செத்தவீட்டுக்குக்கூட எங்களால் போக முடியவில்லை. விளையாட்டுப் போட்டி இந்த வருடமும் நடக்கவில்லை. வாணி விழாவைப் படம் வைத்துப் பூப்போட்டு ஒரு மணித்தியாலத்தில் முடித்தோம். வாசிகசாலைக்குப் பத்திரிகைகள் ஊரடங்கு நாட்கள் தவிர ஒழுங்காக வந்தன. கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

மற்றபடி 2021 எங்களுக்குப் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கவலைப்பட்ட வருடம். அதனால் இந்த அறிக்கையின் பெரும்பகுதி அதுதான்.

ஏப்ரல் கடைசியில் பாடசாலைகளை மூடினார்கள். பாடம் கைத்தொலைபேசிக்குள் வந்தது. ஜூலை 12ஆம் திகதியில் இருந்து ஆசிரியர்களும் அதிபர்களும் இணையவழிக் கற்பித்தலில் இருந்து விலகினார்கள். 1997 சம்பள மறுசீரமைப்பில் மற்றச் சேவைகளை விடக் கீழே போன ஆசிரியர், அதிபர் சம்பளத்தை 24 வருடமாக எந்த அரசாங்கமும் சரிசெய்யவில்லை. அந்தச் சம்பள முரண்பாட்டை ஆராய்ந்த சுபோதினி குழு கொடுத்த அறிக்கையை நடைமுறைப்படுத்துங்கள் என்பதுதான் அவர்களுடைய கோரிக்கை. அதற்கு நாலு நாள் முன்னம், ஜூலை 8ஆம் திகதி, பாதுகாப்பு அமைச்சின் கீழுள்ள கொத்தலாவல பல்கலைக்கழகத்தைப் பற்றிய சட்டமூலத்துக்கு எதிராகப் பாராளுமன்றத்துக்கு அருகே நின்ற இலங்கை ஆசிரியர் சங்கத்தின் பொதுச் செயலாளர் ஜோசப் ஸ்டாலின் உட்படப் பலரைக் கைதுசெய்து, நீதிமன்றம் பிணை கொடுத்த பிறகும் முல்லைத்தீவு கேப்பாப்புலவு விமானப்படை முகாமுக்குத் தனிமைப்படுத்தல் என்று கொண்டுபோனார்கள். அந்தச் செய்திதான் எங்கள் ஊர் ஆசிரியர்களையும் கொதிக்க வைத்தது. வடக்கிலும் தெற்கிலும் ஆசிரியர்கள் ஒரே கோரிக்கைக்காக ஒன்றாக நின்றதைப் பார்த்து, எங்கள் மூத்த உறுப்பினர்கள் சிலர் மனம் நிறைந்து கதைத்ததையும் இங்கே பதிய விரும்புகிறேன்.

ஆனால் ஊருக்குள் அது வேறு மாதிரி இருந்தது. ஜூலை கடைசியில் முற்றத்தில் இடைவெளி விட்டுக் கதிரை போட்டு ஒரு கூட்டம் வைத்தோம். மேசன் வேலை செய்யும் எங்கள் உறுப்பினர் ஒருவர் எழும்பினார். மே மாதம் மனைவியின் சங்கிலியை அடகு வைத்து இரண்டு பிள்ளைகளுக்கும் பொதுவாக ஒரு போன் வாங்கியவர். “போன் கிடக்கு, பாடம் இல்லை, வட்டி மட்டும் ஓடுது,” என்றார். “எனக்கு ஒரு நாள் வேலை இல்லையெண்டா அண்டைக்குக் கூலி இல்லை. அவையளுக்குச் சம்பளம் வருகுதுதானே?” பலர் தலையாட்டினார்கள். ரியூசன் வகுப்புகள் சூமில் காசுக்கு நடக்கின்றனவே, அது மட்டும் எப்படி என்றும் ஒரு தாய் கேட்டார். நியாயமான கேள்வி. அன்று அதற்கு ஒருவரும் நேராகப் பதில் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

அந்தக் கூட்டத்தில் எங்கள் ஊர் ஆசிரியை ஒருவரும் இருந்தார். அவர் கோபப்படவில்லை. தன் வகுப்பில் 30 பிள்ளைகள், சூமில் வந்தது 11 பேர், மற்றவர்களுக்கு வட்ஸ்அப்பில் செயலட்டை, அதையும் பார்க்க வழியில்லாத பிள்ளைகளுக்கு ஒன்றுமே இல்லை என்று சொன்னார். டேட்டாவுக்குத் தன் கைக்காசு. போனும் தன் காசு. கடன் கழித்துக் கைக்கு வரும் சம்பளம் எவ்வளவு என்று தொகையையும் சபையில் சொன்னார். அதை நான் இங்கே எழுதவில்லை. ஆனால் அந்தத் தொகையைக் கேட்ட பிறகு மேசன் தம்பி மெதுவாக இருந்துவிட்டார்.

எங்களுக்கு முன்னால் இருந்த சிக்கல் இதுதான். பிள்ளைகளுக்கு ஏதாவது செய்ய வேண்டும். ஆனால் நாங்கள் வகுப்பு நடத்தினால், ஆசிரியர்கள் இல்லாமலே எல்லாம் நடக்கிறது என்று ஆகிவிடும். போராட்டத்தில் நிற்கிறவர்களின் முதுகில் நாங்களே குத்தியது போலாகும். நிர்வாக சபையில் இரண்டு இரவு இதைப் பற்றிக் கதைத்தோம். அப்புறம் அந்த ஆசிரியையிடமே போய்க் கேட்டோம். அவர் சொன்னது: “நாங்கள் ஒன்லைனை விட்டனாங்கள், பிள்ளையளை விடேல்லை. எழுத்துக் காட்டுங்கோ, கதை வாசியுங்கோ. பாடத்திட்டத்தைத் தொடாதேங்கோ. அது எங்கட வேலை, நாங்கள் வந்து செய்வம்.”

அந்த வரியை அப்படியே தீர்மானப் புத்தகத்தில் எழுதினேன். இந்த வருடம் நாங்கள் எடுத்த தீர்மானங்களில் சரியானது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

ஓகஸ்ட் முதல் கிழமையில் வாசிப்பு வட்டம் தொடங்கியது. உயர்தரம் எழுதிவிட்டுப் பல்கலைக்கழகம் திறக்கக் காத்திருந்த ஐந்து பிள்ளைகள் முன்வந்தார்கள். இரண்டு கிழமைதான் நடந்தது. ஓகஸ்ட் 20ஆம் திகதி தனிமைப்படுத்தல் ஊரடங்கு வந்து ஒக்டோபர் 1 வரை நீண்டது. அந்த நாட்களில் ஒவ்வொரு ஒழுங்கைக்கும் ஒருவர் என்று பிரித்து, வாசிகசாலைச் சிறுவர் புத்தகங்களைத் துணிப்பையில் போட்டு வீட்டுப் படலையில் கொழுவிவிட்டு, போன கிழமைப் பையை எடுத்து வந்தோம். சில புத்தகங்கள் மழையில் நனைந்தன. நனைந்தாலும் பிள்ளை வாசித்த புத்தகம்தானே என்று சபை அவற்றைக் கழித்துவிட ஒப்புக்கொண்டது.

ஒக்டோபரில் மண்டபத்தில் மறுபடி கூடியபோது பார்த்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பெப்ரவரியில் தரம் 1க்குப் போய், இரண்டு மாதம் சொச்சம் மட்டும் வகுப்பில் இருந்த ஒரு பெண்பிள்ளை. கையில் நரிக் கதைப் புத்தகம். அழகாகக் கதை சொல்லிக்கொண்டு போனாள், ஏற்ற இறக்கத்தோடு. பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தால், எழுத்துகளின் மேல் அவள் விரல் வலமிருந்து இடமாக ஓடிக்கொண்டிருந்தது. கதையெல்லாம் படத்தில் இருந்து எடுத்தது. எழுத்து எந்தப் பக்கம் இருந்து தொடங்கும் என்று ஒருவரும் அவளுக்குக் காட்டவில்லை. தாய் தோட்டக் கூலி, தகப்பன் கடலுக்கு. காட்ட யார் இருக்கிறார்கள்? ரியூசனுக்குக் காசு கட்டிய வீட்டுப் பிள்ளைக்கும் இந்தப் பிள்ளைக்கும் இடையில் அந்த ஆறு மாதத்தில் விழுந்த தூரம் சின்னதில்லை. 24 வருடம் ஒரு சம்பளப் பிரச்சினையைத் தள்ளிப் போட்டவர்களின் கணக்கை இந்தப் பிள்ளை கட்டிக்கொண்டிருந்தாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆசிரியர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. செப்டம்பர், ஒக்டோபர் இரண்டு மாதத்துக்கு 5,000 ரூபா கொடுப்பனவு என்று அரசாங்கம் சொன்னபோது அவர்கள் அதை மறுத்ததும் எனக்கு விளங்கியது.

ஒக்டோபர் 21ஆம் திகதி, 200 பிள்ளைகளுக்குக் குறைந்த ஆரம்பப் பாடசாலைகளைத் திறப்பதாக அறிவித்தார்கள். அன்று எங்கள் ஊர்ப் பள்ளி வாசலில் வெள்ளைச் சட்டையோடு சில பிள்ளைகள் வந்து நின்றுவிட்டுத் திரும்பினார்கள். 25ஆம் திகதி ஆசிரியர்கள் கடமைக்குத் திரும்பினார்கள். அதற்கு முதல் நாள் எங்கள் இளைஞர்களும் பெற்றோரும் சேர்ந்து வகுப்பறைத் தூசு தட்டி, கிணறு இறைத்து, வளவுப் புல்லு வெட்டினோம். மேசன் தம்பி கைகழுவும் தொட்டி ஒன்று கட்டிக் கொடுத்தார், கூலி வாங்கவில்லை. காலையில் அந்த ஆசிரியை அதே தொட்டியில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திக் கைகழுவ வைத்தார்.

நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் ஆசிரியர், அதிபர் சம்பளத்தைச் சரிசெய்வதற்கென 3,000 கோடி ரூபா ஒதுக்கினார்கள். 2022 ஜனவரி முதல் சம்பள உயர்வு நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஆனால் பிள்ளைகளுக்குப் போன மாதங்களுக்கு நிலுவை கொடுக்க ஆளில்லை. 2021இன் புலமைப்பரிசில் பரீட்சை இந்த ஜனவரி 22ஆம் திகதிதான் நடந்தது. சாதாரண தரம் மே மாதத்துக்குப் போய்விட்டது.

ஆகவே நிர்வாக சபை இந்தப் பொதுச்சபையிடம் கேட்பது: வாசிப்பு வட்டத்தைச் சனி, ஞாயிறு பின்னேரங்களில் தொடர அனுமதி தர வேண்டும். மண்டபத்தில் எரியாமல் கிடக்கும் இரண்டு மின்குமிழ்களை மாற்ற வேண்டும். வாசிகசாலையில் இருந்து போன சிறுவர் புத்தகங்களில் 17 இன்னும் திரும்பி வரவில்லை. யார் வீட்டிலாவது இருந்தால் கொண்டுவந்து தாருங்கள், கேள்வி கேட்க மாட்டோம். நரிக் கதைப் புத்தகத்தை மட்டும் திருப்பித் தர வேண்டாம் என்று அந்தப் பிள்ளையிடம் சொல்லிவிட்டேன். அதற்குச் சபையின் அனுமதியைப் பின்தேதியிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒத்துழைத்த அனைவருக்கும் நன்றி.

செயலாளர்
பெப்ரவரி 2022