மொதல்ல தொட்டி, அப்புறம் மீன்

பாப்பாவுக்கு,

நீ அனுப்புன வீடியோ பார்த்தேன், ராத்திரி ரெண்டரைக்கு அனுப்பிருக்க, அந்த நேரத்துல ஏன் முழிச்சிருந்தன்னு நான் கேக்கல. கோல்ட்ஃபிஷ் அழகா இருக்கு, ஆனா அது மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுது பாரு, அது பசி இல்லமா, அந்த சின்ன கிண்ணத்துல ஆக்சிஜன் பத்தல, இல்ல அதோட கழிவுலேர்ந்து அமோனியா ஏறிருக்கு. அதனால இந்த லெட்டர படிச்ச உடனே பாதி தண்ணிய மாத்து, புது தண்ணில க்ளோரின் எடுக்கற மருந்து ஊத்தணும், சூடும் பழைய தண்ணி மாதிரியே இருக்கணும். தினமும் மாத்து.

கோல்ட்ஃபிஷ்ஷ ஆரம்பத்துலயே யாரும் வாங்கக் கூடாதுன்னுதான் நான் சொல்லுவேன், அது நல்லா வளந்தா ஒரு சாணுக்குக் கொறையாது, 10 வருஷத்துக்கு மேலயே இருக்கும். அதையேதான் வச்சுக்கணும்னா 100 லிட்டருக்கு மேல தொட்டியும் நல்ல ஃபில்டரும் வேணும், இல்லன்னா கடையிலயே திருப்பிக் குடுத்துடு, அதுல தப்பில்ல.

அப்புறம் பொறுமையா 60 லிட்டர் தொட்டி வாங்கு, உயரமானது வேணாம், நீளமானதா பாரு, தண்ணியோட மேல்பரப்பு அகலமா இருந்தாதான் காத்து நல்லா கலக்கும். மீன் போடாம ஃபில்டர மட்டும் ஓட விட்டு தினமும் துளி தீனி போட்டுட்டு வா, 4லேர்ந்து 6 வாரம் ஆகும். அந்தத் தீனி அழுகி அமோனியா வரும், அத நைட்ரைட்டுங்கற இன்னொரு விஷமாவும் அப்புறம் அவ்ளோ கெடுதல் இல்லாத நைட்ரேட்டாவும் மாத்துற பாக்டீரியா ஃபில்டர் ஸ்பாஞ்சுலதான் வளரும், அத குழாத்தண்ணில கழுவிடாத. டெஸ்ட் கிட்ல அமோனியா நைட்ரைட் ரெண்டும் ஜீரோ வந்தாதான் மீன். மொதல்ல தொட்டி, அப்புறம்தான் மீன், சொல்லிட்டேன்.

சின்ன வயசுலேர்ந்தே யாரையும் கேக்காம நீயே படிச்சு நீயே செய்வ, அதுல எனக்கு எவ்ளோ பெருமைன்னு உங்கம்மாவ கேளு. ஆனா எல்லாத்தையும் முடிச்சிட்டு வீடியோ மட்டும் அனுப்புனா எப்படிமா, போன் பண்ணா எடுக்கவும் மாட்டேங்குற.

ஆண் கப்பி மட்டும் நாலஞ்சு வாங்கு, பொட்டையும் சேர்ந்துச்சுன்னா குட்டி போட்டு தொட்டி நெறஞ்சிடும். நியான் டெட்ரான்னா 6க்குக் கொறையாம விடணும், ஒத்தையா விட்டா மிரண்டு மிரண்டு ஒளியும், கலர்கூட மங்கிடும். ஃபைட்டர் தனியா இருக்குற மீன்தான், அதுக்குமே 20 லிட்டரும் குளிர்ல ஹீட்டரும் வேணும், தனியாத்தான இருக்குதுன்னு கிண்ணத்துல போட்டுட முடியாது. ரெண்டு நிமிஷத்துல திங்கற அளவுக்குத்தான் தீனி. வாராவாரம் கால்வாசி தண்ணி மாத்து. நீ சாப்புடறியா?

60 லிட்டர் தண்ணியே 60 கிலோ, கண்ணாடி கல்லு எல்லாம் தனி, சாதா மேஜை தாங்காது, கெட்டியான ஸ்டாண்ட் வேணும், அத நீ ஒருத்தியா தூக்கி வைக்க முடியாது. நான் வர்றேன். எந்த ஞாயித்துக்கெழமன்னு மட்டும் சொல்லு.

அப்பா