மூன்று நாளில் ஆறிவிடும் என்றீர்கள்

கிளினிக் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். ஈறு கறுப்பாக இருக்கிறதென்று போன மாதம் உங்களிடம் லேசர் செய்துகொண்டவன் நான். டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன், மரத்துப்போக ஊசி போட்டுத்தான் செய்தார், வலியே தெரியவில்லை. என் புகார் அதற்கு முன்னும் பின்னும் நடந்ததைப் பற்றி.

முன்பணம் கட்டும்போது கவுண்டரில் இருந்த பெண், "மூணு நாள்ல ஆறிடும் அங்கிள், ரோஸ் கலர்ல வந்துடும்" என்றார். அதை நம்பித்தான் அக்கா மகள் கல்யாணத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது வந்து உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் கண்ணாடியில் பார்த்தால் மேல் ஈறு முழுக்க வெள்ளையும் மஞ்சளுமாக, தோசை மாவு காய்ந்து ஒட்டிய பாத்திரம் மாதிரி ஒரு படலம். சீழ் வைத்துவிட்டது என்று பயந்து படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துக் கட்டைவிரல் மட்டும் வந்தது, அதற்குள் நான் பிரஷ்ஷால் தேய்த்து ரத்தமே வரவைத்துவிட்டேன். சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் புளோக் பக்கத்துப் பல் மருத்துவர்தான் சொன்னார், அது சீழ் இல்லை, புண் ஆறும்போது படிவது, தேய்க்கக் கூடாது, மேல்தோல் மூடவே ஒன்றிரண்டு வாரம் ஆகும், அதுவரை காரமும் சூடும் வேண்டாம் என்று. இந்த நான்கு வரியை ஒரு தாளில் அச்சடித்துக் கொடுக்க உங்களுக்கு என்ன செலவு?

கல்யாணத்தில் எல்லாரும் இலையில் ரசம் சாதம் சாப்பிட, நான் ஆறிய தயிர்ச்சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தேன். படங்களில் வாயை இறுக்கிக்கொண்டு நிற்கிறேன், பெண்ணைக் கொடுக்க மனசில்லாத தாய்மாமன் போல.

அப்புறம் இன்னொன்று. நான் 25 வருடமாக சிகரெட் பிடிக்கிறேன், உங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. நம் ஆட்களுக்கு ஈறு கறுப்பு இயல்பு, மெலனின்தான், நோயில்லை, ஆனால் புகை அதைக் கூட்டும், லேசர் செய்த பிறகும் பிடித்தால் சீக்கிரம் திரும்பும், பிடிக்காதவர்களுக்கே சில மாதத்திலோ வருடத்திலோ திரும்பலாம் என்பதெல்லாம் அந்த ஈசூன் மருத்துவரிடம்தான் தெரிந்துகொண்டேன். உங்கள் விளம்பரத்திலோ 'நிரந்தரத் தீர்வு'!

பணம்: விளம்பரத்தில் 900 வெள்ளி, பில்லில் 9 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்த்து 981. காட்டும் விலையிலேயே ஜிஎஸ்டி இருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அழகுக்காகச் செய்வது என்பதால் மெடிசேவ் எனும் மருத்துவச் சேமிப்பிலிருந்து எடுக்கவும் வழி கிடையாது, முழுக்கக் கைக்காசு.

முழுப் பணமும் கேட்கவில்லை, செய்த வேலைக்குக் கூலி உண்டு. அந்த 81 வெள்ளி திரும்ப வேண்டும், டாக்டர் ஒருமுறை இலவசமாக ஈற்றைப் பார்க்க வேண்டும், விளம்பரத்தில் 'நிரந்தரம்' போக வேண்டும். 14 நாள் பார்ப்பேன், இல்லையென்றால் பயனீட்டாளர் சங்கத்துக்குப் போவேன்.

பதிலை எழுத்தில் அனுப்புங்கள். இதற்கும் கட்டைவிரல் வேண்டாம்.