62ஆம் பக்கத்துக்குப் பிறகு: நம் ஊர் வாசகசாலைச் செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களில் ஒன்றில் பிறந்து, தமிழ்ப்பள்ளியில் முப்பது ஆண்டுகள் ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வுபெற்று, கடந்த ஆறு ஆண்டுகளாகச் சனிக்கிழமைதோறும் நம் வாசகசாலையின் இரவல் பதிவேட்டைப் பார்த்துக்கொள்பவள் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். தோட்ட வாழ்க்கையைப் பற்றிய ஒரு நாவலை அலமாரியிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று சென்ற மாதக் கூட்டத்தில் முடிவு செய்தீர்கள். நம் மக்களைக் குடிகாரர்களாகவும் ஏச்சுக்குத் தலைகுனிந்தவர்களாகவும் அந்நூல் காட்டுகிறது என்பது நீங்கள் சொன்ன காரணம்.

அன்று மாலையே பதிவேட்டைப் புரட்டினேன். அந்நூல் நம்மிடம் வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அதன் எண்ணுக்கு நேராக இரண்டே பதிவுகள் உள்ளன: ஒன்று என் பெயர், மற்றொன்று இடைநிலைப்பள்ளிப் படிவம் 5 மாணவி ஒருவரின் பெயர். ஒன்பது செயற்குழு உறுப்பினர்களில் எவருடைய கையெழுத்தும் அங்கில்லை. சொந்தமாக வாங்கிப் படித்திருப்பீர்களோ என்று ஒவ்வொருவரிடமும் நேரில் கேட்டேன். படித்ததாக ஒருவரும் சொல்லவில்லை. "அந்த ஒரு பக்கத்தப் பாத்தாலே தெரியுதே, டீச்சர்" என்பதுதான் எனக்குக் கிடைத்த பதில்.

அந்த ஒரு பக்கத்தைப் பற்றியே பேசுவோம். புலனத்தில் (வாட்ஸ்அப்) எல்லாருக்கும் வந்தது 62ஆம் பக்கத்தின் படம். விடியாத இருட்டில், தொழிலாளர்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களம். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுத் தாமதமாக ஓடிவரும் பெண்ணைக் கங்காணி சாதியைச் சொல்லி ஏசுகிறான். அந்த ஏச்சோடு பக்கம் முடிகிறது, படமும் முடிகிறது. அடுத்த பக்கத்தைப் பார்த்தால், அவள் தன் வாளியைக் கங்காணியின் காலடியில் கவிழ்த்து வைத்துவிட்டு அசையாமல் நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்ற பெண்களின் வாளிகள் ஒவ்வொன்றாகக் கவிழ்கின்றன. இன்னும் பால் விழாத வெறும் தகர வாளிகள் என்பதால் அவை தரையில் மோதும் ஓசை துரை பங்களா வரை கேட்டது என்று ஆசிரியர் எழுதியிருக்கிறார். நீங்கள் தலைகுனிந்தவர்கள் என்று சொன்னது இந்தப் பெண்களைத்தான்.

கள்ளைப் பற்றிய குற்றச்சாட்டும் இத்தகையதே. சம்பள நாளில் பெண்கள் கள்ளுக்கடை வாசலை மறித்து நிற்கும் அத்தியாயம் ஒன்று அந்நூலில் இருக்கிறது. அது வெறும் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்றும், துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கியாக வேண்டும் என்ற கட்டாயம் ஒழிய வேண்டும் என்றும் கேட்டார்கள். அப்போராட்டத்தை முன்னின்று நடத்திய ஆர்.எச். நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். கள்ளினால் குடும்பங்கள் சீரழிகின்றன என்று நம் முன்னோரே உரக்கச் சொல்லியிருக்க, அதையே ஒரு நாவலாசிரியர் எழுதும்போது மட்டும் அது எப்படி நமக்கு இழிவாகும்?

என் அம்மாவுக்கு எண்பத்து நான்கு வயது. பதினான்கு வயதில் ரப்பர் மரம் சீவ உளி பிடித்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. இந்த நாவலை ஒன்பது இரவுகளில் அவருக்குப் படித்துக் காட்டினேன். 62ஆம் பக்கத்தின் கடைசி வரி வந்தபோது, அந்தச் சொல்லை அவர் முன்னால் வாய்விட்டுச் சொல்ல முடியாமல் நிறுத்திவிட்டேன். "ஏன் நிறுத்திட்ட? எங்க தண்டலும் இப்படித்தான் ஏசுவாரு. படி, அந்தப் பொண்ணு என்ன செஞ்சா?" என்று கேட்டார். உங்கள் கூட்டத்தில் இந்தக் கேள்வியை எவரும் கேட்கவில்லையே என்பதுதான் என் மனக்குறை.

இத்தவற்றை நானும் செய்திருக்கிறேன். அப்துல்லா ஹுசேன் எழுதி 1971இல் வெளிவந்த 'இண்டர்லோக்' நாவல் 2011இல் படிவம் 5 மாணவர்களுக்கு மலாய் இலக்கியப் பாடநூலானபோது, அதில் இந்தியர்கள் சித்திரிக்கப்பட்ட விதத்தையும், குறிப்பாக 'பறையா' என்ற சொல் இடம்பெற்றதையும் எதிர்த்து நம்மவர்கள் குரல் கொடுத்தார்கள். அவ்வாண்டு இறுதியில் அது பாடத்திட்டத்திலிருந்து மீட்டுக்கொள்ளப்பட்டது. முழுவதும் படித்துப் பக்க எண்ணோடு வாதிட்டவர்களை நான் இன்றும் மதிக்கிறேன். நானோ நான்கு ஒளிநகல் தாள்களைப் பார்த்துவிட்டு மனுவில் கையெழுத்திட்டேன். அப்போது படிவம் 5இல் படித்துக்கொண்டிருந்த என் மகன், "அம்மா, நீங்க முழுசா படிச்சீங்களா?" என்று கேட்டான். ஓர் ஆசிரியையாக இருந்தும் அவனுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. பின்னர் முழு நாவலையும் படித்தேன். சில இடங்களில் என் எதிர்ப்பு நியாயமே என்று தோன்றியது. ஆனால் கையெழுத்திட்ட நாளில் அந்த நியாயம் என்னுடையதாக இல்லை. பிறர் சொல்லக் கேட்டதாகவே இருந்தது.

உ.வே. சாமிநாதையரை இங்கே நினைத்துக்கொள்கிறேன். 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார் அவரிடம் சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார். அதுவரை அவர் அந்நூலைப் படித்ததில்லை. சைவச் சூழலில் கற்றவர் அவர். சமண நூல் நமக்கெதற்கு என்று சொல்லியிருந்தால் அன்று யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். அவரோ ஏட்டைக் கையில் எடுத்தார். விளங்காத இடங்களுக்கு அவ்வூர்ச் சமணர்களிடமே போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டார். 1887இல் அதைப் பதிப்பித்தார்.

என் வேண்டுகோள் இதுதான். முடிவை நிறுத்திவைத்து, ஒன்பது பேரும் 214 பக்கங்களையும் படித்தபின் மீண்டும் கூடுங்கள். அதன் பிறகும் வேண்டாம் என்று தோன்றினால், காரணத்தைப் பக்க எண்ணோடு கூட்டக் குறிப்பில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். 1984ஆம் ஆண்டின் அச்சகங்கள், வெளியீடுகள் சட்டத்தின் கீழ் உள்துறை அமைச்சர் ஒரு நூலைத் தடை செய்வதானால்கூட அந்த ஆணை அரசிதழில் வெளிவர வேண்டும். நம் கூட்டக் குறிப்பிலோ நூலின் பெயர்கூட எழுதப்படவில்லை. நீங்கள் படித்து எழுதும் காரணம் எனக்கு உடன்பாடில்லாததாக இருந்தாலும் முடிவுக்குக் கட்டுப்படுவேன். என் மறுப்பை அதன் பக்கத்தில் ஒட்ட மட்டும் இடம் கொடுங்கள்.

வாசகசாலையின் பிரதி இப்போது அலுவலக இரும்பு அலமாரியில் இருக்கிறது. சாவி செயலாளரிடம் உள்ளது. சென்ற சனிக்கிழமை அந்தப் படிவம் 5 மாணவி நூலை மறுபடியும் கேட்டு வந்தபோது, என்ன சொல்வதென்று தெரியாமல் அடுத்த வாரம் வரச் சொன்னேன். இரவல் வாங்கிப் படித்த பிறகு எனக்கென்று ஒரு பிரதி வாங்கி வைத்திருக்கிறேன். வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அதை மேசைமேல் வைத்திருப்பேன். உங்களில் எவர் முதலில் வந்தாலும் கையெழுத்துப் போட்டு எடுத்துச் செல்லலாம்; பதிவேட்டில் மூன்றாவது வரி காலியாக இருக்கிறது.

அன்புடன்,
சனிக்கிழமைப் பொறுப்பாளர்
சுங்கை சிப்புட்