நியூசிலாந்து போகும் மகளுக்கு

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய பயணத் திட்டத்தைப் படித்தேன். ஓட்டல், கார், படகு எல்லாவற்றையும் மாப்பிள்ளை நன்றாகத்தான் ஏற்பாடு செய்திருக்கிறார். ஆனால் கிளம்புவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்றுகூட அதில் இல்லை. வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாக அனுப்பினால் நீ கட்டைவிரலைக் காட்டிவிட்டு மறந்துவிடுவாய் என்பதால் கடிதமாகவே எழுதுகிறேன்.

முதலில் குட்டியின் பாஸ்போர்ட்டை எடுத்துப் பார். நமக்குப் பத்து வருஷம், குழந்தைகளுக்கு ஐந்து வருஷம்தான். அவளுக்குக் கைக்குழந்தையில் எடுத்தது, முடியும் தறுவாயில் இருக்கும். நியூசிலாந்தை விட்டுக் கிளம்பும் தேதிக்குப் பிறகும் குறைந்தது மூன்று மாதம் அது செல்ல வேண்டும். புதுப்பித்த பிறகு விசாவுக்குப் போடுங்கள். வரிசை மாறினால் பழைய எண்ணைத் திருத்தச் சொல்லி அலைய நேரும். டிசம்பரில் அங்கே கோடைக்காலம், கூட்டம் அதிகம். அதனால் சீக்கிரமே போட்டுவிடுவது நல்லது. தமிழிலோ கன்னடத்திலோ உள்ள சான்றிதழுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேர்த்து வை.

அடுத்தது சாப்பாட்டு விஷயம். இதில்தான் எனக்குக் கவலை. அம்மா இப்போதே பருப்புப் பொடிக்கு வறுக்க ஆரம்பித்துவிட்டாள். நார்த்தங்காய் ஊறுகாய், நெய், மைசூர்பா, ஒரு கட்டு கறிவேப்பிலை என்று பட்டியல் நீள்கிறது. நான் வாயைத் திறந்தால் சண்டை வரும். நீயே போன் போட்டுப் பக்குவமாகச் சொல்லிவிடு.

வெளியிலிருந்து சாப்பாட்டுப் பொருள் கொண்டுவருவதில் நியூசிலாந்துக்காரர்கள் காட்டும் கெடுபிடி, வேளாண்மைத் துறையில் வேலை பார்த்தவன் என்பதால் எனக்குப் புரிகிறது. நம் ஊர் மாம்பழத்தை அறுத்தால் உள்ளே புழு நெளியுமே, அந்தப் பழ ஈயின் இனத்தில் ஒரே ஓர் ஆண் ஈ 2025 ஜனவரியில் ஆக்லாந்தில் ஒரு பொறியில் சிக்கியது. அதற்காக அந்தப் பேட்டையிலிருந்து பழம், காய்கறியை வெளியே எடுத்துப் போகக் கூடாது என்று தடை போட்டு, தெருத் தெருவாகப் பொறி வைத்துத் தேடினார்கள். நாம் இங்கே மாந்தோப்பில் அதே மாதிரிப் பொறியைக் கட்டினால் டப்பா நிறைய விழும், யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். மாடுகளைத் தாக்கி, பால் பொருள் வழியாகவும் பரவக்கூடிய கோமாரி நோய் அந்த நாட்டுக்குள் இதுவரை வந்ததே இல்லை. பாலும் வெண்ணெயும் விற்றுப் பிழைக்கிற நாடு, பயப்படத்தானே செய்வார்கள்? ஆகவே நெய், பால்கோவா, மைசூர்பா எதுவும் வேண்டாம். தேன் கூடவே கூடாது. பச்சைக் கறிவேப்பிலை, பழம், முளைக்கிற விதை எதையும் நினைக்காதே.

மசாலாப் பொடி வேண்டுமென்றால் கடையில் விற்கிற, லேபிள் ஒட்டிய பாக்கெட்டாக வாங்கிக்கொள். அதிகாரி பிரித்துப் பார்க்காமலே படித்துக்கொள்வார். எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுப் பெட்டியின் மேலாக வை. பயணம் தொடங்குவதற்கு 24 மணி நேரத்துக்கு முன்பிருந்து இணையத்தில் ஓர் அறிவிப்புப் படிவம் நிரப்பலாம். அது இலவசம். பணம் கேட்கிற தளம் வந்தால் அது வேறு யாரோ, மூடிவிடு. படிவத்தில் உணவுப் பொருள் இருக்கிறதா என்ற கேள்விக்கு யோசிக்காமல் ‘ஆம்’ போடு. சொல்லிவிட்டால் அதிகபட்சம் பொருளை எடுத்துக் குப்பையில் போடுவார்கள். சொல்லாமல் இருந்து பிடிபட்டால் அங்கேயே 400 டாலர் அபராதம், நம் பணத்தில் ஏறக்குறைய 20,000 ரூபாய். விமானத்தில் கொடுத்த ஆப்பிளைக் குட்டி பையில் போட்டுக்கொண்டு இறங்கினாலும் இதே கதைதான். இறங்குவதற்கு முன் அவள் பையை ஒரு தடவை கவிழ்த்துப் பார்.

மாப்பிள்ளையின் மலையேற்ற ஷூவை மறக்காதே. குடகு மண் ஒட்டியிருந்தால் அங்கே பெரிய தலைவலி. அடிப்பகுதியைப் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் இடுக்கு விடாமல் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவைத்துத்தான் பெட்டிக்குள் வைக்க வேண்டும். அதையும் படிவத்தில் குறிப்பிட வேண்டும்.

மாத்திரைகளை டப்பாவில் கொட்டிக்கொண்டு போகாதீர்கள். ஸ்ட்ரிப்போடு, டாக்டர் சீட்டோடு, மூன்று மாதத்துக்கு மேற்படாத அளவு இருக்கட்டும். மாப்பிள்ளையின் பிரஷர் மாத்திரை முழுக்கக் கைப்பையில்தான் இருக்க வேண்டும், பெட்டி ஒரு நாள் தாமதமாக வந்தாலும் கவலை இல்லை. பவர் பேங்கும் கைப்பையில்தான், பெட்டியில் போட்டால் விமான நிலையத்திலேயே திறக்கச் சொல்வார்கள்.

இப்போது தூக்கம். பெங்களூரிலிருந்து சிங்கப்பூருக்கு நாலரை மணி நேரம், அங்கிருந்து கிறைஸ்ட்சர்ச்சுக்கு ஏறத்தாழப் பத்து மணி நேரம். டிசம்பரில் அவர்கள் நமக்கு ஏழரை மணி நேரம் முன்னால் இருக்கிறார்கள். அங்கே காலை 7 மணி என்றால் உடம்புக்கு இரவு 11.30. அங்கே நடுநிசியில் உடம்புக்குச் சாயங்காலம் 4.30, குட்டி விளையாடக் கூப்பிடுவாள். போதாக்குறைக்கு இரவு 9 மணிக்கு மேலும் வெளிச்சம் இருக்கும். கிளம்புவதற்கு நாலைந்து நாள் முன்பிருந்தே அவளைத் தினம் அரை மணி நேரம் முன்னதாகப் படுக்க வைத்து, முன்னதாக எழுப்பு. போய் இறங்கிய நாள் காலையில் வெயிலில் கொஞ்சம் நடக்கவிடு.

இறங்கிய உடனே காரை எடுத்துக்கொண்டு டெகாப்போ ஏரிக்குப் போவதாக மாப்பிள்ளை போட்டிருக்கிறார். அது மூன்று மணி நேர ஓட்டம். வேண்டாம். முதல் இரவு கிறைஸ்ட்சர்ச்சிலேயே தங்குங்கள். அங்கேயும் நம்மைப் போல இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள், அதனாலேயே சுலபம் என்று தோன்றும். ஊருக்கு வெளியே 100 கிலோமீட்டர் வேகம்வரை போகலாம் என்றாலும் சாலை குறுகல், வளைவு அதிகம். ஒரு வண்டி மட்டும் போகிற பாலங்கள் நிறைய. பலகையில் உன் பக்கத்து அம்பு சிறியதாகச் சிவப்பில் இருந்தால் நீதான் நின்று வழிவிட வேண்டும். ஏழு வயது ஆகும்வரை குழந்தைக்குத் தனி இருக்கை சட்டப்படி கட்டாயம், காரோடு சேர்த்தே அதையும் கேட்டு வாங்குங்கள்.

குவீன்ஸ்டவுனிலிருந்து மில்ஃபோர்ட் சவுண்டு என்ற, மலைகளுக்கு நடுவே கடல் புகுந்த இடத்துக்கு ஒரே நாளில் போய்த் திரும்புவதும் திட்டத்தில் இருக்கிறது. ஒரு வழிக்கே நாலு மணி நேரம் ஆகும், ஐந்து வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு அது தண்டனை. முந்தைய இரவு வழியில் உள்ள டெ அனா ஊரில் தங்கினால் மீதி 120 கிலோமீட்டர்தான். பெட்ரோலையும் அங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள். நம் தஞ்சாவூரில் வருஷம் முழுக்கப் பெய்வது சுமார் 1,000 மில்லிமீட்டர், மில்ஃபோர்ட்டில் 6,000-க்கும் மேல். அந்தக் காற்றுக்குக் குடை நிற்காது, தலையை மூடுகிற மழைச்சட்டை மூன்று பேருக்கும் வாங்கு. கரையோரம் கடிக்கிற குட்டி ஈக்கள் உண்டு, கடித்த இடம் நாள் கணக்கில் அரிக்கும். முழுக்கைச் சட்டை போட்டுவிடு. காற்று குளிர்ந்திருந்தாலும் அங்கே வெயில் தோலைச் சுட்டுவிடும், சன்ஸ்கிரீன் தடவாமல் வெளியே கிளம்பாதே.

இன்சூரன்ஸ் பற்றி ஒன்று. அங்கே விபத்தில் அடிபட்டால் வெளிநாட்டவருக்கும் அரசே சிகிச்சைச் செலவில் பெரும்பகுதியை ஏற்கிறது. அதைக் கேட்டுவிட்டுப் பயணக் காப்பீடு தேவையில்லை என்று மாப்பிள்ளை சொல்லக்கூடும். காய்ச்சல், வயிற்றுவலி, நெஞ்சுவலி எதற்கும் அது பொருந்தாது. ஊர் திரும்பும் செலவையும் தராது. பாலிசியை விமான டிக்கெட் எடுக்கும் அன்றே எடுத்துவிடுங்கள், எண்ணை எனக்கு அனுப்பு. அவசரத்துக்கு அங்கே 111.

சார்ஜருக்குச் சாய்ந்த இரண்டு முனை உள்ள அடாப்டர் வேண்டும். மின்னழுத்தம் நம்முடையதேதான்.

மூன்று பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தையும் போட்டோ எடுத்து இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பு. குட்டியுடையது முடிகிற தேதியைப் பார்த்துவிட்டு நானே போன் செய்கிறேன்.

அன்புடன்,
அப்பா