பத்தாம் வகுப்புக் கணித ஆசிரியர்களுக்கு: பகடைக் கணக்கில் நாம் சொல்லாமல் விட்ட பாதி

அன்புள்ள சக ஆசிரியர்களுக்கு,

போன சித்திரையில் என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். சிங்கப்பூரில் கட்டுமான வேலை. விடுமுறையில் ஊருக்கு வந்தவன் வணக்கம் சொல்லிவிட்டுப் போக வந்தான். போகும் நேரத்தில் பணப்பையிலிருந்து நான்காக மடித்த தாள் ஒன்றை எடுத்து, "இதில் எங்கே தப்பு செய்தேன், டீச்சர்?" என்று கேட்டான். தாளில் 10, 20, 40, 80, 160, 320 என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியிருந்தது. கூட்டுத்தொகை 630. ஓரத்தில் 1/64 என்று எழுதி, பேனாவால் இரண்டு முறை வட்டமிட்டிருந்தான்.

அந்த 1/64-ஐக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுத்தவள் நான். பல நாள் தூக்கம் வராமல் யோசித்த பிறகே இந்த மடலை எழுதுகிறேன்.

அவன் அங்கே சூதாட்டக் கூடத்தில் ஆடியது 'சிக் போ' என்னும் மூன்று பகடை ஆட்டம். கூட்டுத்தொகை 4 முதல் 10 வரை வந்தால் 'சிறியது', 11 முதல் 17 வரை வந்தால் 'பெரியது'. கட்டியது வந்தால் ஒன்றுக்கு ஒன்று கிடைக்கும். மேசைக்கு அருகில் ஒரு மின்பலகை, முந்தைய ஆட்டங்களின் முடிவுகளை வரிசையாகக் காட்டிக்கொண்டே இருக்கும். 'சிறியது' நான்கு முறை தொடர்ந்து வந்ததைப் பார்த்துவிட்டு இவன் 'பெரியது' மீது 10 டாலர் கட்டியிருக்கிறான். தோற்றால் இரட்டிப்பு. ஆறு முறை தொடர்ந்து தோற்க 64-ல் ஒரு வாய்ப்புதான் என்பது அவன் கணக்கு. ஆறு முறையும் தோற்றான். ஏழாவது ஆட்டத்துக்கு 640 டாலர் வேண்டும், கையில் இல்லை. வீட்டுக்கு அனுப்ப வைத்திருந்த பணம் அது.

கூடம் ஏமாற்றவில்லை. பகடையும் நல்ல பகடைதான். எனக்குக் கோபம் வந்ததெல்லாம் நம் பாடத்தின் மீதுதான்.

மூன்று பகடைக்குக் கூறுவெளி, அதாவது விழக்கூடிய எல்லா நிலைகளும் சேர்ந்து, 216 என்று நாம் சொல்லிக்கொடுக்கிறோம். அதில் 'பெரியது' 105, 'சிறியது' 105. மீதி ஆறும் மூன்று பகடையிலும் ஒரே எண் விழும் நிலைகள். அவை வந்தால் 'பெரியது', 'சிறியது' இரண்டுமே தோல்வி. ஆக வெல்ல 105 வழி, தோற்க 111 வழி. வென்றால் கொடுப்பதோ ஒரு டாலருக்கு ஒரு டாலர். சரிசமமான ஆட்டமாக இருந்தால் ஏறத்தாழ 1.06 டாலர் கொடுக்க வேண்டும். மண்டியில் மூட்டைக்குக் கழிவு பிடிப்பது போல, கட்டும் ஒவ்வொரு நூறு டாலருக்கும் சராசரியாக 2.78 டாலர் கூடத்துக்குப் போகிறது. கேட்க அற்பத் தொகைதான். ஆனால் மண்டியில் ஒரு மூட்டைக்கு ஒரு முறைதான் கழிவு. இங்கே அதே பணத்தை மறுபடி மறுபடி மேசையில் வைக்கும்போது ஒவ்வொரு முறையும் கழிவு.

அவனுடைய 1/64-க்கு வருவோம். 111/216-ஐ ஆறு முறை பெருக்கினால் ஏறத்தாழ 54-ல் ஒன்று. இரட்டித்துக்கொண்டே போனால் எந்தக் கட்டத்தில் வென்றாலும் முந்தைய இழப்பு போக மிஞ்சுவது பத்து டாலர்தான். அதாவது இப்படி 54 தடவை ஆடினால், சராசரியாக 53 முறை பத்துப் பத்தாக ஜெயித்து 530 டாலர் சேர்ப்பான். ஒரு முறை 630 டாலரை விடுவான். இந்த ஒரு வரிக் கணக்கை அவன் போட்டிருந்தால் போதும். நிகழ்தகவு வரை நாம் கொண்டுபோய் விட்டோம். அதைக் கிடைக்கும் தொகையால் பெருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. கணித எதிர்பார்ப்பு பன்னிரண்டாம் வகுப்பில்தான் வருகிறது. பத்தோடு கணக்கை விட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு அது வருவதே இல்லை.

மின்பலகையைப் பார்த்துக் கட்டியதும் அவனை மட்டும் பிடித்த மயக்கமல்ல. 1913-ல் மாண்டே கார்லோ சூதாட்டக் கூடத்தில், சிவப்பும் கறுப்புமாகக் கட்டங்கள் உள்ள ரூலெட் சக்கரத்தில் கறுப்பு 26 முறை தொடர்ந்து வந்தது. இனி சிவப்புதான் என்று கட்டிக் கட்டிப் பலர் பெருந்தொகை இழந்தார்கள். 37 கட்டங்கள் உள்ள சக்கரத்தில் சிவப்பு வர எப்போதும் 18/37 வாய்ப்புதான். பகடைக்கும் சக்கரத்துக்கும் ஞாபகம் கிடையாது. பலகைக்குத்தான் ஞாபகம்.

தமிழ்நாட்டில் 2003-ல் லாட்டரி தடை செய்யப்பட்டது. இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் 2023-ல் நடைமுறைக்கு வந்தது. இரண்டையும் வரவேற்றவள் நான். ஆனால் நம் பிள்ளைகள் வேலைக்குப் போகும் ஊர்களுக்கு அந்தச் சட்டங்கள் கூடப் போவதில்லை. சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் சூதாட்டக் கூடத்துக்குள் போக ஒரு நாளைக்கு 150 டாலர் கட்ட வேண்டும். வெளிநாட்டவருக்கு அந்தக் கட்டணம் இல்லை.

ஆகவே உங்களிடம் ஒரு பீரியட் கேட்கிறேன். நான் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். மூன்று பகடை, ஒரு பால் பவுடர் டப்பா, நிறையப் புளியங்கொட்டை. வகுப்பில் 37 பேர். 18 பேர் 'பெரியது', 18 பேர் 'சிறியது', ஆட்டத்துக்கு ஒரு கொட்டை. டப்பா மீதி ஒரு மாணவன் கையில். கொட்டைகள் இந்த வரிசையிலிருந்து அந்த வரிசைக்கும் அங்கிருந்து இங்கும் போய்வந்துகொண்டிருந்தன, ஒரே ஆரவாரம். பத்தொன்பதாவது ஆட்டத்தில் மூன்று பகடையிலும் நான்கு விழுந்தது. அவன் இரு பக்கத்துக் கொட்டைகளையும் கையால் வழித்து டப்பாவில் போட்டான். வகுப்பு சட்டென்று அடங்கியது. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண், "அப்படியென்றால் நாம்தான் ஒருவரோடு ஒருவர் ஆடிக்கொண்டிருக்கிறோம்; டப்பா காத்துக்கொண்டு மட்டும் இருக்கிறதா, டீச்சர்?" என்று கேட்டாள். நான் எழுதிப்போட வைத்திருந்த 6/216 = 1/36 என்பதை அவளையே கரும்பலகையில் எழுதச் சொன்னேன்.

அடுத்த பிரிவில் பீரியட் முடியும்வரை அப்படி ஒரு முறைகூட விழவில்லை. டப்பா காலியாகவே இருந்தது. உங்கள் வகுப்பிலும் அப்படி நேரலாம். பதற்றப்பட்டு ஆட்டத்தை மாற்றாதீர்கள். மறுநாளும் அதே டப்பாவை எடுத்துச் செல்லுங்கள். டப்பாவில் எத்தனை கொட்டை என்று தேதி போட்டு எழுதி வையுங்கள்.

நிகழ்தகவு புத்தகத்தின் கடைசிப் பாடம். திருப்புதல் தேர்வு நெருங்கும் அவசரத்தில் மாதிரிக் கணக்கு இரண்டோடு அதை முடித்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் முடித்திருக்கிறேன். இந்த ஆண்டு அதை டிசம்பருக்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
ஒரு கணித ஆசிரியை